வயிறு மூடாத கவந்தி

கர்நாடகத்து எல்லாப்பூருக்கு அப்பால், காட்டோரத்தில் இருக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் சித்தியர் குடியிருப்பில் பாஸ்கினாவின் வேலியில் எப்போதும் ஒரு கவந்தி காயும். பழந்துணிகளை ஒட்டித் தைத்த போர்வை. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவாள். கடைசியில் மிஞ்சும் இடத்துக்கு வயிறு என்று பெயர். அங்கே சில அரிசி மணிகளை வைத்துத் தைத்து மூடினால்தான் கவந்தி பசியாறும்.

ஊருக்கெல்லாம் வயிற்றை மூடிக் கொடுத்த பாஸ்கினாவின் பெட்டியில் மூடாத ஒன்று இருந்தது.

அதை அவளோடு எதிரெதிரே உட்கார்ந்து தைக்கத் தொடங்கியவள் பக்கத்து வீட்டு துல்சின். அதன் ஓரத்துக்கென்று, துல்சினின் வேலியில் கிடந்த பச்சைப் புடவையை, கழித்த துணி என்று நினைத்து பாஸ்கினா கிழித்துவிட்டாள். அது துல்சினின் செத்துப்போன அம்மாவுடையது, காற்றாடப் போட்டிருந்தாள். துல்சின் ஊசியை வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு கோவாவில் வேலை கிடைத்த புருஷனோடு போனவள், வரவே இல்லை.

இந்த மழைக்காலத்தில்தான் வந்தாள். காடே மேகத்துக்குள் மிதந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். நான் பாஸ்கினாவுக்குத் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, கோவா மீனு இப்படி ஊத வச்சிருச்சு?" என்றாள் பாஸ்கினா, ஊசியை நிறுத்தாமல்.

"உன் நாக்கு மட்டும் இளைக்கவே இல்லக்கா." துல்சின் வாசலிலேயே சொட்டச் சொட்ட நின்றாள். "அம்மா பொடவய வாங்கிட்டுப் போக வந்தேன்."

"அதான் கிழிச்சுட்டேனே."

"கிழிச்சதக் குடு."

பாஸ்கினா பெட்டியைத் திறந்தாள். ஓரமெல்லாம் பச்சை. நாலு மூலையிலும் துணியை மடித்துத் தைத்த பச்சைப் பூ. உள்ளே போகப் போகக் குளத்தில் இறங்குவதுபோல் பச்சை ஆழமானது. நடுவில் வெறும் இடம்.

"வயிறு தொறந்து கெடக்கே!"

"எத்தனையோ தடவ அரிசியக் கையில எடுத்தேன். வைக்க வரல. ஒங்கம்மா பொடவைக்கு நீ சோறு போடாம நான் போட முடியுமா?"

துல்சின் அதில் முகத்தைப் புதைத்தாள். நிமிர்ந்து, "அம்மா வாசன இல்லக்கா. அடுப்புப் பொகதான் அடிக்குது" என்றாள்.

"ஒங்கம்மா வாசனையே அடுப்புப் பொகதானடி!"

துல்சினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு கவந்தியைப் போர்த்திப் படுத்தாள். அரிசி மணிகளை அவளே எடுத்து நடுவில் வைத்தாள். கவந்தியின் வயிறு அவள் வயிற்றின் மேலேயே இருந்தது. பாஸ்கினா குனிந்து தைக்கத் தொடங்கினாள்.

"அசையாத, குத்திரும்."

"அன்னைக்குக் குத்துனத விடவா?"

மழை ஓட்டின் மேல் நடந்துகொண்டிருந்தது. துல்சின் திரும்பிப் போகவேண்டிய கடைசிப் பஸ் வளைவில் ஹாரன் அடித்தபோது அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"முடிஞ்சுதாக்கா?"

"இன்னும் இருக்குடி."

மிஞ்சியிருந்தது உள்ளங்கை அகல இடம்தான். பாஸ்கினா தையலைப் பொடிப்பொடியாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.