டிவியில் வந்த என் முட்டி

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், தேக்கா மார்க்கெட்டில் கீழே உருண்ட எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குந்தினேன். வலது முட்டிக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைக்குக்கூட நடக்க முடியவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் சவ்வு அடியோடு கிழிந்திருக்கிறது, தைத்துவிடலாம், விட்டால் மூட்டு தேய்ந்துபோகும் என்றார். எனக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. கணுக்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிப் பழக்கமில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். "இப்படியே வீட்டுல உக்காந்துடப் போறீங்களா?" என்று மகள் சத்தம் போட்ட பிறகுதான் போனேன்.

ஆபரேஷன் அறையில் அத்தனை ஆண்கள்! இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. இல்லாவிட்டால் எழுந்து ஓடியிருப்பேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தமிழ் நர்ஸ் பெண் குனிந்து, "ஆன்ட்டி, உங்கள யாரும் பாக்கல லா. முட்டிய மட்டும்தான் பாக்குறோம். நீங்களும் பாக்குறீங்களா?" என்று, முட்டிக்குள் விட்ட குட்டி கேமரா காட்டும் டிவியை என் பக்கம் திருப்பினாள்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். தண்ணீருக்குள்ளே இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளைவெளேரென்று ஏதோ பளபளத்தது. ரத்தமே இல்லை.

"இது யாருதும்மா?"

"உங்களுதுதான் ஆன்ட்டி!"

இத்தனை வருஷம் என்னைச் சுமந்தது இவ்வளவு அழகா! இரண்டு கண்ணையும் திறந்துவிட்டேன். ஓரத்தில் நைந்து பிரிந்த துண்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நூல் உள்ளே போய் அதைப் பிடித்து எலும்போடு இழுத்துச் சேர்த்தது.

"ஆங், ஒட்டிக்கிச்சு!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். நர்ஸ் அதை இங்கிலீஷில் சொல்ல, சீன டாக்டர் தலை நிமிராமலே, "ஆன்ட்டி, ஓகே ஆ?" என்றார்.

"ஓகே, ஓகே. நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லும்மா" என்றேன். அறையே சிரித்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நானா அது!

பல வாரம் கட்டை ஊன்றித்தான் நடந்தேன். இனிமேல் குந்தக்கூடாதாம், சரி. உள்ளே எடுத்த படத்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். "முட்டியக் காட்ட அழுதவங்க, இப்ப முட்டிக்குள்ள இருக்கறத புளோக்குக்கே காட்டுறாங்க!" என்று மகள் கேலி செய்தாள்.

இப்போது தேக்காவுக்குத் தனியாகவே ரயிலேறிப் போய்வருகிறேன். உடம்பை மூடி மறைத்தே வயதாகிப்போன எனக்கு, அதன்மேல் ஒரு பிரியம் வந்தது அன்றைக்குத்தான். ராத்திரி கால் நீட்டிப் படுக்கும்போதெல்லாம் முட்டியை ஒரு தடவை தடவிக்கொடுக்கிறேன்.