ஆறு புரண்டு படுத்த ஊர்

வர்னேல் ஊருக்குக் கிழக்கெல்லை அலியே ஆறு. ஆனால் அது சொன்ன இடத்தில் கிடக்கிற ஆறல்ல. மணல் படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கும். ஒரு கரையைத் தின்று மறுகரையில் துப்பும்.

போரில் கணவனைப் பறிகொடுத்த லெயோனி ஆற்றோரப் புல்வெளியில் தனியாக ஆடு வளர்த்தாள். ஒரு வசந்தத்தில் மலைப்பனி உருகி வெள்ளம் வந்தது. ஆடுகளோடு வைக்கோல் பரணில் ஏறிக்கொண்டாள். தண்ணீர் வடிந்த காலையில் ஜன்னலைத் திறந்தால் எங்கும் பால்போல மூடுபனி. கிழக்கே கேட்க வேண்டிய ஆறு மேற்கே கேட்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். பனி விலகியபோது வர்னேலின் மாதா கோயிலும் ரொட்டிக் கடையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றன.

கிழக்கே பழைய படுகை வெறும் கூழாங்கல்லாகக் கிடந்தது. நடுவே கருத்துப்போன ஓக் மரப் படகு ஒன்று, மதுப் பீப்பாய்கள் ஆற்று வழியே பாரீசுக்குப் போன காலத்தது. லெயோனி அதில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்தப் படுகையைத் தாண்டி, அடுத்த ஊரான பிரென்னேயின் மேயர் நடந்தே வந்தார்.

"இனிமே நீ எங்க ஊர்தாம்மா. ரோடு போட்டுத் தரேன், கரண்டு தரேன்."

"நான் எங்கயும் போகலையே, மேயர் ஐயா. நகர்ந்தது ஆறுதானே? அதுகிட்டப் பேசுங்க."

"ரொட்டி வாங்க நீந்தியா போவே?"

"நீந்துவேன். ஆடுங்களுக்கும் சொல்லித் தருவேன்."

அரசாங்கமும் எல்லை பழைய படுகைதான் என்று சொல்லிவிட்டது. லெயோனி தட்டைப் படகு ஒன்று வாங்கினாள். அது நேராகப் போகாமல் வட்டமடித்தது. விலாங்கு பிடிக்கும் அன்செல்ம் வர்னேல் கரையிலிருந்து சிரித்தான்.

"என்ன லெயோனி, துடுப்பால வெண்ணெய் கடையிறியா?"

"கரையில நின்னு வாயடிக்காதே. வந்து ஓட்டிக் காட்டு!"

ஓட்டிக் காட்ட வந்தவன் அடிக்கடி வந்தான். மறுவருடம் கல்யாணம், ஊரே படகுகளில் அக்கரைக்குப் போய்ப் பாலாடைக்கட்டி தின்று, ஆடிப் பாடித் திரும்பியது.

குளிர்காலங்களில் மட்டும், கரண்டு இல்லாத வீட்டு வாசலிலிருந்து பிரென்னேயின் மின்விளக்குகளைப் பார்த்தபடி அவள் நிற்பதுண்டு.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை அவளுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி வர்னேலில். அன்செல்ம் துடுப்புப் போட்டான். நடு ஆற்றில் பனி இறங்கி இரு கரையும் மறைந்தன.

"துடுப்பை விடு, அன்செல்ம். என் கையைப் பிடி."

படகு தன்பாட்டில் மிதந்தது. நீர்க்கோழி ஒன்று எங்கோ கூப்பிட்டது. சற்று நேரத்தில் அந்த வெண்மைக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் வர்னேல்வரை கேட்டது.

பிறப்பைப் பதிய அன்செல்ம் வர்னேல் ஊர் அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர் தலையைச் சொறிந்தார்.

"பொறந்த இடம்?"

"ஆத்துக்கு நடுவுல, ஐயா."

"எந்தக் கரைக்குக் கிட்ட?"

"கரையே தெரியல."

எழுத்தர் யோசித்தார். ஆறுதான் இப்போது முழுசாக ஊருக்குள் ஓடுகிறதே. "ரெண்டு கரையும் நம்மதுதான்யா!" என்று சிரித்து, வர்னேல் என்று எழுதினார்.

அன்செல்ம் வீடு திரும்பியபோது தாயும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.