சும்மா தொங்கிய மூடி

அந்த ஆலையில் தறிகளுக்கு டிசைன் அனுப்பும் ஒன்பது கிழட்டுக் கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடுவது கேபிளக்காவால்தான். அவளுடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்து இருபது வருஷம் ஆகிறது. செத்த போர்டிலிருந்து சிப்பைப் பிடுங்கி உயிரோடிருப்பதில் வைப்பாள், மெமரி கூட்டுவாள். ஒன்பதையும் ஒரே கேபிளில் கோத்தவளும் அவள்தான்.

எதுவும் நிற்காமல் ஓடுவதால் அவள் வெட்டியாக இருப்பதுபோலத் தெரியும். புதிதாக வந்த மேனேஜர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டார். "சும்மா உக்கார்றதுக்கு எதுக்குங்க ஒரு ஆளு?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஒன்பதும் ஒரேயடியாக ஊமையாகிவிட்டன. டிசைன் வராமல் தறிகள் நின்றன. முட்டி தேய மேசை மேசையாகத் தவழ்ந்து கேபிளைத் தடவிக்கொண்டே போனாள். கேபிள் முடிகிற இடத்தில் விரல்நுனி அளவு மூடி ஒன்று இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பி எல்லாவற்றையும் குழப்பிவிடும். அதைக் காணோம்.

"இங்க இருந்த மூடிய எவன்யா கழட்டினது?"

மேனேஜர் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "சும்மாதானம்மா தொங்கிட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் வயரே இல்லையேன்னு..."

வெடுக்கென்று பிடுங்கிக் கேபிள் முனையில் திருகினாள். ஒவ்வொரு திரையாக உயிர் வந்தது. தறிகள் இரைய ஆரம்பித்தன. அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"சும்மா தொங்குறதுதான் சார் அதோட வேலை! நேத்து மீட்டிங்ல என்னமோ கேட்டீங்களே, இப்ப கேளுங்க!"