நான் எடுத்த சீட்டும் அப்பா வாசித்த பெயரும்

இடுகிறவள் தன்னவளானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். பந்தாட்டத்திலும் அதே கதைதான். அங்கே இடுகிற கை ரெஃபரியின் கை. பினாங்கில் எங்கள் தமிழ்க் குழுக்களின் ஆட்டங்களுக்கு ரெஃபரியை நியமிக்கும் பொறுப்பு, எனக்கு ஏழு வயதானபோது, என் அப்பாவிடம் இருந்தது. பிழைப்பு அச்சுக்கூடத்தில், இது சம்பளமில்லாத வம்பு.

வம்பு என்றால் சும்மாவா? ஊரில் பாதிப் பேர் மீதிப் பேருக்கு உறவு. யாரை அனுப்பினாலும், "அவன் அவங்க ஆளு லா" என்பார்கள். அதனால் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று ரெஃபரிகளின் பெயரைச் சீட்டில் எழுதித் தகரக் குவளையில் போட வேண்டியது; இரண்டு குழுவும் பார்த்திருக்க, ஒரு குழந்தை எடுக்க வேண்டியது. குழந்தைக்குக் கட்சி கிடையாது என்று பெரியவர்களுக்கு நம்பிக்கை.

எனக்கு இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகக் குழுவில் கோல் காப்பவர். இரண்டு வருஷமாக இறுதி ஆட்டத்தில் ஆயர் ஈத்தாம் குழுவிடம் தோற்று, டிராமில் ஏறினால்கூட, "அண்ணே, வலையில ஓட்டையா, கையில ஓட்டையா?" என்று கேலி கேட்டுக்கொண்டிருந்தவர்.

மூன்றாவது வருஷமும் அதே இரண்டு குழுக்கள். குவளையில் மூன்று பேர்: ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, வாத்தியார், மருந்துக்கடைக்காரர். கிராணிக்கு ஞாயிறுதோறும் மாமா வீட்டில்தான் சாப்பாடு. வாத்தியாரோ பெற்ற பிள்ளைக்கே பிரம்படியில் சலுகை தராதவர். ஆட்டத்தன்று காலை, அப்பா குளிக்கப் போன நேரத்தில் மாமா வந்து ஒரு சீட்டைப் பிரித்து வேறு மாதிரி மடித்தார்.

"மருமகளே, முக்கோணமா இருக்கே, அதை எடுத்துடு. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது, ஆமா."

திடலோரக் காப்பிக்கடை வாசலில் குவளைக்குள் கைவிட்டேன். முக்கோணம் விரலில் குத்தியது. பிரித்து எழுத்துக்கூட்டினேன்: கி-ரா-ணி. அப்பாவிடம் நீட்டினேன். அவர் எழுத்தைப் பார்த்ததைவிட மடிப்பைத்தான் அதிகம் பார்த்தார். பிறகு மாமாவை. பிறகு என்னை.

"வாத்தியார்" என்று சத்தமாக வாசித்துச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மீதிச் சீட்டுகளையும் பிரித்துக் காட்டுவது முறை. ஆயர் ஈத்தாம் தலைவர் கையை ஆட்டி, "நீங்க வாசிச்சப்புறம் பார்க்க என்ன இருக்கு அண்ணே? வாங்க, ஆட்டத்துக்கு நேரமாச்சு" என்றார். அப்பாவின் காதுகள் சிவந்தன. வெயில் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது துறைமுகக்காரர் ஒருவர் கையில் பந்து பட்டது. வாத்தியார் விசில் ஊதித் தண்ட உதை கொடுத்தார். மாமா இடப்பக்கம் பாய்ந்தார். பந்து வலப்பக்கம் போயிற்று. கையில் பட்டது மெய்தான் என்று துறைமுகக்காரர்களே சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

மாலையில் மாமா எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். "சோத்துல உப்புப் போட்டுத்தானே தின்ற? முக்கோணம் எது, சதுரம் எது தெரியாதா உனக்கு?"

நான் என்ன சொல்ல? அதைத்தான் எடுத்தேன் என்றால் அப்பா பொய்யர். எடுக்கவில்லை என்றால் நான் பொய்க்காரி. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது ஓட நடுவில் கொஞ்சம் குச்சி உண்டு. மூன்று நாள் மாமா வரவில்லை. தன் தம்பிக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்துவிட்டு அம்மா வாசலையே பார்த்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியில் உட்கார முடியவில்லை. அப்பா போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய், அவர் திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவேன்.

நாலாம் நாள் குழுக்காரர்களை வரவழைத்து அப்பா குவளையை ஒப்படைத்தார். "கண்ணு சரியில்லை. எழுத்து மாறி மாறித் தெரியுது. வேற ஆளைப் பாருங்க." அவர்கள் எத்தனையோ கெஞ்சினார்கள். ஒவ்வொரு கெஞ்சலுக்கும் கண்ணையே காரணம் சொன்னார். அதற்குப் பின் இருபது வருஷம், எறும்பு மாதிரி அச்செழுத்துகளைக் கண்ணாடிகூடப் போடாமல் கோத்தவர் அவர்.

எனக்கோ நெஞ்சிலிருந்து அம்மிக்கல் இறங்கியது. அப்படியா சேதி! அடுத்த தெருவுக்கு ஒரே ஓட்டம். மாமா பூட்ஸில் காய்ந்த சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் முக்கோணத்தைத்தான் எடுத்தேன்! கிராணின்னுதான் இருந்துச்சு. அப்பாவுக்குக் கண்ணு தெரியலையாம், அதான் வாத்தியார்னு வாசிச்சுட்டாங்க. இப்ப பொறுப்பே வேணாம்னுட்டாங்க."

மாமாவின் கையிலிருந்த குச்சி ஒடிந்தது. சந்தோஷப்படுவார் என்று நின்றேன். "நான் சீட்டை மடிச்சது அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டி மறுத்தேன். அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கோப்பை போன துக்கம் என்று எண்ணி, முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதீங்க மாமா. அடுத்த வருஷம் கண்ணு நல்லாத் தெரியிற ஆளா போடுவாங்க."