வலப்பக்கம் தட்டியவர்

எண்பதுகளில், பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் எங்கள் மேல்மாடியில் இருந்தவர் புதுச்சேரிக்காரர். நரைத்த முறுக்கு மீசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருடம். என் அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் எழுதித் தந்தவரும் அவர்தான்.

ஒரு ஞாயிறு, தன் புதுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க கிளப்புக்கு என்னையும் கூட்டிப்போனார். கௌபாய் படங்களில் வருவதுபோல் அடியிலிருக்கும் லீவரை இழுத்து இழுத்துச் சுட்டார். குண்டெல்லாம் இடப்பக்கமே போனது. ஒவ்வொரு முறையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தொழிற்சாலையைத் திட்டி, குழல் நுனியிலிருந்த குறிமுனையைச் சுத்தியலால் வலப்பக்கம் தட்டினார். குண்டு இன்னும் இடப்பக்கம் விலகியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, குண்டு போற பக்கத்துக்குத்தான் அதைத் தட்டவேணும்."

தட்டினார். அடுத்த குண்டு நட்டநடுவில்.

"வுவாலா!" என்றவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "துப்பாக்கியத் தொட்டதே இல்லன்னு சொன்னீங்களே தம்பி? நானும் அப்படித்தான எழுதிக் குடுத்தேன்?"

"ஓம் ஐயா," என்றேன்.

சிரித்தபடி துப்பாக்கியை உறையில் போட்டார். பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. ஆனால் இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவருக்கு, எந்தப் பக்கம் தட்டுவதென்று தெரியாமலா இருந்திருக்கும்?