பதினோரு முறை செத்த வில்ஃப்ரெட் கார்ஸ்டாங்

வில்ஃப்ரெட் கார்ஸ்டாங்கை இங்கிலாந்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். நேராகப் பார்த்தால் மட்டும் தெரியாது. பர்ன்லி ஊரின் இறைச்சிக் கடையில் வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு அம்மாள் அவரை உற்றுப் பார்ப்பாள். பிடிபடாது. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பாள். உடனே முகம் மலர்ந்துவிடும்.

"அட, கால்வாய்க் கரையில கிடந்தவர்தானே நீங்க? என்னமா கிடந்தீங்க! எங்க வீட்டுக்காரர் டீ குடிக்கறதையே நிறுத்திட்டார்."

வில்ஃப்ரெட் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு, சாசேஜை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நிற்பார்.

ஐம்பத்தெட்டு வயது. நடிக்க வந்து முப்பத்தைந்து வருஷம். அதில் கடைசி இருபத்திரண்டு வருஷமும் அவர் பிணம். தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒரு வேலைக்காரி கதவைத் திறந்து அலறுவாளே, அவள் எதைப் பார்த்து அலறுகிறாளோ அது வில்ஃப்ரெட். பாதிரியார் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்திருக்கிறார். கிரிக்கெட் கிளப் விருந்தில் வெள்ளரிக்காய் சாண்ட்விச் தின்று நீலம் பாரித்திருக்கிறார். லீட்ஸ் கால்வாயில், அதுவும் பிப்ரவரி மாதம், மூன்று முறை எடுத்த காட்சியில் மூன்று முறையும் நடுங்காமல் கிடந்திருக்கிறார். ஐம்பத்தைந்து விநாடி மூச்சடக்குவார். இமை ஆடாது. ஆனால் ஒரு தொடரில் ஒருவன் ஒருமுறைதான் சாகலாம். செத்தவன் அடுத்த வாரம் தபால்காரனாக வந்து நின்றால் பார்க்கிறவர்கள் கடிதம் எழுதுவார்கள். பதினோரு தொடர்களிலும் செத்து முடித்துவிட்ட வில்ஃப்ரெட்டுக்கு, 1996-ஆம் வருஷம் இங்கிலாந்தில் சாக இடமில்லாமல் போயிற்று.

இந்தக் கதிக்கு அவரைக் கொண்டுவந்தது ஒரு சிரிப்பு. மேடையில் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுவதற்கு நாடகக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிணமாவது.' ஏன் என்று யாருக்கும் தெரியாது. 1974-இல் ஒரு மரணப் படுக்கைக் காட்சியில் வில்ஃப்ரெட் பாதிரியாராக நின்றார். கர்னல் வேஷக்காரர் மனைவிக்குக் கடைசி முத்தம் கொடுத்து நிமிர்ந்தபோது, அவர் மீசை அந்த அம்மாளின் கன்னத்தில் தங்கிவிட்டது. மற்றவர்கள் உதட்டைக் கடித்துச் சமாளித்தார்கள். வில்ஃப்ரெட் நாலு நிமிஷம் பிணமானார். திரையை இறக்க வேண்டியதாயிற்று. "பிணமாகிற ஆள்" என்ற பேர் அவர் போகாத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அவருக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் பெரில் பிக்கர்ஸ்டாஃப் யோசித்து, "கொஞ்ச நாள் பேசாத வேஷமா பண்ணு, கண்ணு. எல்லாரும் மறந்துடுவாங்க" என்றாள். மறந்துதான் போனார்கள், அவரால் பேச முடியும் என்பதை.

அந்த பெரில்தான் அன்று போன் செய்தாள். அந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் 'கண்ணு'தான்.

"கண்ணு, உட்கார்ந்துக்கோ. ஸ்கெக்னெஸ்ல, கடலோரத்துல, கோடைக்கால நாடகம். டாக்டர் வேஷம். ஏழு வரி."

வில்ஃப்ரெட் உட்கார்ந்தார்.

"இன்னும் இருக்கு. வியாழக்கிழமை மதிய ஆட்டத்துக்கு ஜூலியன் ஃபென்விக் வர்றார். புதுத் தொடர் எடுக்கிறவர். அதுல தலைமை போலீஸ் அதிகாரி வேஷம் காலி. வாராவாரம் பேசற வேஷம். சிரிச்சுடாதே, வில்ஃப். சிரிச்சேன்னா என்கிட்ட வராதே, சொல்லிட்டேன்."

அவர் மனைவி மாரீன் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "எங்க அண்ணன் நார்மன் கம்பளக் கடையில ஒரு வேலை வச்சிருக்கான். திங்கக்கிழமை வரைக்கும்தான் காலியா வச்சிருப்பான். ஜூலியனோ கீலியனோ, இந்தத் தடவை ஒண்ணும் கிடைக்கலைன்னா நீ கடைக்குப் போற. கிடைச்சா நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்."

முப்பத்தைந்து வருஷத்தையும் ஒரு வியாழக்கிழமையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வில்ஃப்ரெட் ஏழு வரிகளையும் குளியலறையில், பேருந்தில், கடற்கரையில் சொல்லிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று தம் வாழ்க்கையின் சோகமான சம்பவங்களை வரிசையாக நினைத்துச் சிரிப்பை விரட்டிப் பழகினார். சம்பவங்களுக்குப் பஞ்சமில்லை.

வியாழக்கிழமை அரங்கம் நிறைய ஓய்வூதியக்காரர்கள். மிட்டாய்த் தாள் சரசரத்தது. ஆறாவது வரிசை ஓரத்தில், சிவப்புக் கழுத்துத் துண்டோடு ஜூலியன் ஃபென்விக். மேடையில் சோபாவில் பண்ணையார் செத்துக் கிடக்கிறார். அந்த வேஷம் பெர்சி டாட்மனுக்கு. வயது எழுபத்தொன்பது. மதியம் பீருடன் மாட்டிறைச்சிப் பணியாரம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். டாக்டர் உள்ளே வந்து, குனிந்து, நாடி பார்க்க வேண்டும். பார்த்தார். முதல் வரியைச் சொன்னார்.

"இறந்து ஒரு மணி நேரமாவது இருக்கும்."

பெர்சி குறட்டை விட்டார்.

முன்வரிசையில் காது மந்தமான ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளிடம், "செத்தவன் குறட்டை விடுறான்டி, மேபெல்!" என்றாள். அவ்வளவுதான். கூரை அதிர்ந்தது. விதவையாக நடித்தவள் கைக்குட்டைக்குள் போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க, தோள் இரண்டும் குலுங்கின. மேடையில் உயிரோடிருந்த மற்ற எல்லோரும் பிணமானார்கள்.

வில்ஃப்ரெட்டின் அடிவயிற்றிலிருந்து அது கிளம்பியது. அந்தப் பழைய எதிரி. நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது. மனுஷன் பயந்துபோய்த் தமக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தார். மூச்சை அடக்கி, இமையை நிறுத்தி, லீட்ஸ் கால்வாயை நினைத்துக்கொண்டு, நின்றபடியே செத்துப்போனார். பெர்சி புரண்டு படுத்தார். வில்ஃப்ரெட்டின் முகத்தில் ஒரு சதை அசையவில்லை. போர்வையை இழுத்துப் பெர்சியின் தலை வரைக்கும் மூடிவிட்டு, இரண்டாவது வரியைச் சொன்னார்.

"நிம்மதியான சாவு."

மேபெலை வெளியே தூக்கிப்போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. மீதி ஐந்து வரியும் ஒரு பிசிறில்லாமல் வந்தன.

ஆட்டம் முடிந்ததும் ஒப்பனை அறைக்கு ஜூலியன் ஃபென்விக்கே கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

"கண்ணு! எல்லாரும் பிணமாயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ஆகல!"

"ஆகல" என்றார் வில்ஃப்ரெட். "அந்தத் தலைமை அதிகாரி வேஷம்..."

"அதுக்கு நேத்தே ஆள் போட்டாச்சு. இது அதைவிடப் பெருசு. முதல் வாரம், முதல் காட்சி. பிணவறை. நாலு நிமிஷம் உங்க முகம் மட்டும். அந்த முகத்தை இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

வில்ஃப்ரெட் மெதுவாகக் கேட்டார். "வரி ஏதாவது இருக்குமா, சார்?"

"வரியா?"

"பழசை நினைச்சுப் பார்க்கற மாதிரி ஏதாவது... இல்ல, சாகும்போது ஒரு 'ஐயோ'? ஒரே ஒரு 'ஐயோ' போதும், சார்."

"கதை ஆரம்பிக்கறப்பவே நீங்க செத்தாச்சே, கண்ணு."

மேடையில் வராதது அப்போது வந்தது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம். பிறகு இருபத்திரண்டு வருஷமாக அடக்கி வைத்த மொத்தமும். வில்ஃப்ரெட் சிரித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணீர் ஓடி, பசை இளகி, அவருடைய டாக்டர் மீசை கழன்று ஜூலியன் ஃபென்விக்கின் தேநீரில் விழுந்து மிதந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார். நடுவில் எந்த இடத்தில் சிரிப்பு நின்று அழுகை தொடங்கியது என்று அவருக்கே தெரியாது.

ஜூலியன் ஃபென்விக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "நாலு நிமிஷம் அசையாம இருக்கற வேலை பாருங்க... பெரில்கிட்ட பேசறேன்" என்றார். இந்தத் தொழிலில் பேசுகிறேன் என்று சொன்னவர்கள் பேசியதில்லை. கதவு சாத்திக்கொண்டது.

மேடைப் போர்வையோடு வந்து மூலையில் சுருண்டிருந்த பெர்சி எட்டிப் பார்த்தார். "நான் எப்படிப் பண்ணேன், கண்ணு?"

"உயிரோட்டமா இருந்தது, பெர்சி" என்று சொல்லிவிட்டு, வில்ஃப்ரெட் எழுந்து அரங்க வாசல் காவலரின் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினார்.

"சிரிச்சியா?" என்றாள் மாரீன்.

"மேடையில சிரிக்கல."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு எந்த இடத்தில் கேள்வியை நிறுத்த வேண்டும் என்று தெரியும். "நார்மன்கிட்ட நீ வர்றேன்னு சொல்லிடவா? திங்கக்கிழமை எட்டரைக்குக் கடை திறக்கும்."

வில்ஃப்ரெட் போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அங்க... பேசணுமா, மாரீன்?"

"கம்பளக் கடையில பேசாம? சுருட்டிக்கிட்டுப் படுத்துக் காட்டுவியா?"

"எத்தனை வரி?"

அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

"நாள் முழுக்க, வில்ஃப்."

"நார்மன்கிட்ட கேட்டு எழுதி வை" என்றார் வில்ஃப்ரெட். "ஞாயித்துக்கிழமைக்குள்ள மனப்பாடம் பண்ணிடறேன்."