பந்தலைக் கொளுத்துவேன் என்றவனுக்குக் கலியாண அழைப்பு

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணி மாதம், யாழ்ப்பாணத்தில், கொடிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் ஓட்டோ ஓடுகிறேன். அயல்வீட்டு அக்காவின் கணவருக்குக் கட்டாரில் வேலை. மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணை முன்பு கேட்டு, கிடைக்காமல் போனவன் ஒருவன், வாளோடு திரியும் கூட்டத்துக்குத் தலைவன். கலியாணத்தன்று பந்தலைக் கொளுத்துவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் தயங்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருநாள் காலை அக்கா சந்தனம், குங்குமம், வெற்றிலை வைத்த தட்டத்தோடு ஓட்டோவில் ஏறினார். போகவேண்டிய ஒழுங்கையை, அவன் வீடு இருக்கும் சின்னத் தெருவை, சொன்னதும் திரும்பிப் பார்த்தேன்.

"உவன்ரை வீட்டுக்கோ? விசரே அக்கா உங்களுக்கு?"

"நீ வாசலிலை நில். எஞ்சினை மட்டும் நிப்பாட்டாதை."

முற்றத்தில் மோட்டார் சைக்கிள்களோடு அவனுடைய ஆட்கள் நின்றார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே விறாந்தையில் ஏறினார். அவன் கதிரையில் உட்கார்ந்திருந்தான். கதவடியில் அவனுடைய தாய் நின்றார்.

"தம்பி, மகளின்ரை கலியாணம் சொல்ல வந்தனான். நீர்தான் முன்னுக்கு நிண்டு பாக்கவேணும். பந்தலைக் கொளுத்துறதெண்டாலும் சாப்பிட்டுட்டுக் கொளுத்தும்."

தட்டத்தை நீட்டினார். எங்கள் பக்கத்தில் அதில் சந்தனம் தொட்டால் அழைப்பை ஏற்றதாக அர்த்தம். தொடாமல் திருப்பி அனுப்புகிற வீட்டுக்கே ஆகாது என்பார்கள். அவன் தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடடா," என்றார் தாய்.

அவன் எழுந்து, சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தான்.

கலியாணத்துக்கு அவன் வரவில்லை. தாய் வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார். பந்தலுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

உயர்தரம் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். இதற்கு இங்கிலீசில் பழைய சொல் ஒன்று உண்டாம்: சிங்கத்தின் குகைக்குள்ளேயே போய் அதன் தாடியைப் பிடிப்பது. எல்லோரும் பயப்படுகிறவனை அவனுடைய இடத்திலேயே போய் எதிர்கொள்வதாம்.

"சிங்கத்துக்கு ஏதடி தாடி?"

"பகிடி விடாதேங்கோ அப்பா. அடிபடப் போறதுக்கு மட்டுமில்லை, கதைக்கப் போறதுக்கும் இதைச் சொல்லலாம்."

பிறகொருநாள் அக்காவிடம் பயமில்லையா என்று கேட்டேன். "ஏன் இல்லை? வீட்டிலை இருந்தால் இன்னும் கூடப் பயமாயிருந்தது," என்றார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். பயம் போகட்டும் என்று காத்திராமல், அதையும் கூட்டிக்கொண்டு ஒரு வாசல்படி ஏறலாம் என்பதை அன்று கண்ணால் கண்டேன். இன்னும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

எழுதி முடித்தது: கார்த்திகை விளக்கீட்டு நாள்.